கலங்கல் நிறத்தில் ஒரு முகம்

பென்சிலைச் சீவ ஷார்ப்னரைவிட பிளேடுதான் நல்லது. ஷார்ப்னர் எல்லாப் பென்சிலுக்கும் ஒரே மூக்கை வைத்து அனுப்பிவிடும். பிளேடு என்றால் முனை அவரவர் கைக்குத் தகுந்தபடி வரும். உங்கள் மேசைமேல் கிடக்கிற பென்சிலைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. நீங்கள் கேட்க விரும்புவது இதை இல்லை என்று தெரியும், இன்ஸ்பெக்டர் அம்மா. எல்லாவற்றையும் முதலிலிருந்து நானே சொல்லிவிடுகிறேன். ஏட்டு ஐயா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவசரம் இல்லை.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்த சுடலைமணி, ஜூன் கடைசிச் சனிக்கிழமை ஓடை வெள்ளத்தில் போனான். அது விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்றைக்கு முழுவதும் நான் தென்காசியில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருந்தேன். அது உண்மை இல்லை. ஆனால் அதற்குப் போவதற்கு முன்னால் நான் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

என் பெயர் நாறும்பூநாதன், வயது ஐம்பத்தாறு. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பள்ளியின் பெயரை இதில் இழுக்க வேண்டாம், அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியட். அதையும் பாதி நாள் கணக்கு வாத்தியார் வந்து, 'போர்ஷன் முடியலை சார்' என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். பி.டி. மாஸ்டர் லீவு போட்டால் மைதானத்தில் வெயில் காய அனுப்பப்படுவது நான்தான். அப்படி என் சட்டைப்பைக்கு வந்து தங்கிவிட்டதுதான் அந்த விசில். வட்டார விளையாட்டு விழாவில் கொடுத்தது. பித்தளை. நல்ல சத்தம் வரும்.

நான் எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் நாள் ஒரு டம்ளரை மேசைமேல் வைத்து வரையச் சொல்வேன். எல்லாப் பிள்ளைகளும் டம்ளரின் வாயை முழு வட்டமாகப் போட்டிருப்பார்கள். ஏனென்றால் டம்ளரின் வாய் வட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமாகவா தெரிகிறது? அப்போது சொல்வேன்: தெரிந்ததை வரையாதே, பார்த்ததை வரை. என்னிடம் படித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு நீங்கள் விசாரித்தால், மாஸ்டரைப் பற்றி வேறு எது மறந்திருந்தாலும் இதை மட்டும் சொல்வார்கள். இதில் நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போதும் விட்டுக்கொடுக்காததால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தேன். கூடப் படித்தவர்களில் இரண்டு பேர் டெல்லியில் பெரிய ஆள். நான் வீட்டுச் சூழ்நிலையால் ஊருக்கு வந்து மாங்காய், மண்குடம், தேசியக்கொடி என்று போர்டில் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். ஆனாலும் விடவில்லை. கடைச் சாயத்தில் எல்லாரும் வரைகிறார்கள், நான் வேறு எதிலாவது வரைய வேண்டும் என்று வீட்டுக்குள் ஒரு சோதனைச்சாலையே நடத்தினேன். காபி டிகாக்‌ஷனில் வரைந்தேன், எறும்பு வந்தது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வரைந்தேன், ஒரு வாரத்தில் வெளுத்தது. வாழைப்பட்டைக் கறை, நாவல்பழச் சாறு, பழைய பேட்டரிக்குள் இருக்கிற கறுப்புப் பொடி, எதையும் விட்டுவைக்கவில்லை. மனைவி இருந்தவரைக்கும் அடுப்பங்கரையில் ஒரு பாத்திரமும் பாத்திரமாக இருந்ததில்லை. ஒன்றும் தேறவில்லை. ஐம்பது வயது தாண்டியபோது, என் கையில் இனிமேல் எதுவும் வராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அது ரொம்பக் கேவலமான ஒரு துக்கம், அம்மா. யாரிடமும் சொல்லி அழ முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கழுத்து வலி வந்தது. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் சரியாகும் என்றார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் தகரக்கொட்டகை போட்டு நாலு பேர் தேய்த்துவிடுகிற இடம். அதில் ஒருவன் சுடலைமணி. என் வயதை ஒட்டித்தான் இருப்பான். பெரிய மீசை. காது வரைக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஓடுகிற உத்தேசத்தில் இருந்தது. அவனைத் தெரிந்தவர்களுக்கு முதலில் மீசைதான் தெரியும். பலகையில் என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பலகை இடுக்கு வழியாகச் சுவரின் அடிப்பக்கம் என் கண்ணில் பட்டது. அங்கே முதுகுகள் இருந்தன.

சும்மா முதுகு இல்லை. குனிந்த முதுகு, கூன் விழுந்த முதுகு, அருவியின் அடி தாங்காமல் சுருங்குகிற முதுகு, தண்ணீருக்குள் போகப் பயந்து பின்வாங்குகிற முதுகு. ஒரு வகைச் செங்காவி நிறம். ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் எண்ணெய் ஊறி ஒரு நிழல் படர்ந்திருந்தது. அதனால் எல்லாம் இப்போதுதான் நனைந்துவந்த உடம்பு மாதிரி இருந்தன. யார் போட்டது என்று கேட்டேன்.

"நான்தான் சார். ஆள் வராத நேரத்துல சும்மா கிறுக்குதது. ஓனர் பாத்தா ஏசுவாரு. நீங்க சொல்லிராதீங்க."

"எதுல போட்ட?"

"அந்தா, உங்க முதுகுல இருக்குல்லா, அந்த எண்ணெயிலதான். தேச்சது போக மிஞ்சுத எண்ணெய், வெந்நி அடுப்புக் கரி, ஓடையில ஒரு மண்ணு கெடக்கு சார், செவப்பா, வெண்ணெ மாதிரி. மூணையும் போட்டு நைச்சா சொன்ன பேச்சு கேக்கும்."

அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எண்ணெயும் கரியும் மண்ணும். மூன்றும் முப்பது வருடமாக என் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தவை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் முதுகுதான் போடுவான். முகம் வராது. அவன் பார்த்ததெல்லாம் முதுகு, அதுதான் காரணம். முகம் என் கைக்கு நன்றாக வரும். அவனிடம் இருந்தது வெறும் கலவை, அதை ஓவியமாக்கியது நான். இதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. எழுதிக்கொண்டால் போதும்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். லாட்ஜின் பின்பக்கத் தோப்பைத் தாண்டினால் கூழாம்பாறை ஓடை. போர்டு கிடையாது, போலீஸ் கிடையாது, டூரிஸ்ட் யாருக்கும் தெரியாது. ஓடை இரண்டு ஆள் உயரம் விழுகிற இடத்தில், விழும் தண்ணீருக்குப் பின்னால் பாறையில் ஒரு குழி இருக்கிறது. மலையில் மழை பெய்து வெள்ளம் வரும்போது முதலில் வருகிற கலங்கல் அதில் தங்கும். தண்ணீர் தெளிந்தபின் அடியில் செம்மண் விழுதாகப் படிந்திருக்கும். அவ்வளவு நைசான மண் வேறெங்கும் கிடையாது. ஆனால் அடுத்த வெள்ளம் வந்தால் பழையதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஒரு வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் நடுவில் போய் வழித்தெடுக்க வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். குழிக்குள் இருப்பவனுக்கு அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மேலே என்ன வருகிறது என்றும் தெரியாது. அதனால் இன்னொருவன் மேல்பாறையில் நின்று ஓடையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் சருகு அதிகமாக வரும், பிறகு நுரை. பிறகு தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். டீ நிறம் கண்டபிறகு நிதானமாக நூறு எண்ணுகிற நேரம் இருக்கிறது. அதற்குள் ஏறி வந்துவிடலாம். முன்பெல்லாம் கூட வேலை பார்க்கிற ஒருவன் மேலே நின்று குரல் கொடுப்பானாம், பாதி நேரம் கேட்காதாம். நான் வந்தபிறகு அந்தக் கவலை இல்லை. என்னிடம் விசில் இருந்தது.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் பாறைமேல் ஏறியதும் விசிலை வாயில் வைத்துக்கொள்வேன். அவன் அவ்வப்போது தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டி நிமிர்ந்து பார்ப்பான். விசில் வாயில் இருந்தால் நான் கவனமாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஊதினால் ஓட வேண்டும். போன வருடம் ஒருமுறை உண்மையிலேயே வந்தது. ஊதினேன். ஏறி வந்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் அந்தக் குழி இருந்த இடமே தெரியவில்லை. இருவரும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க மூச்ச நம்பித்தான சார் நான் உள்ள இறங்குதேன்" என்றான்.

அந்த இரண்டு வருடத்தில் நாற்பது படம் முடித்தேன். அருவியில் குளிக்கிறவர்கள். முதுகும் இருந்தது, முகமும் இருந்தது. கல்லூரியில் கூடப் படித்த ஒருவரிடம் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் யாரிடமோ காட்ட, சென்னையில் ஒரு கேலரியிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டில் கண்காட்சி. கூடவே ஒரு படிவம். பெயர், ஊர், கல்வி எல்லாம் கேட்டுவிட்டு, 'உங்கள் படைப்புப் பின்னணியும், இந்தப் புதிய வரைபொருளை நீங்கள் கண்டடைந்த விதமும்' என்று போட்டு ஐந்து கோடு காலியாக விட்டிருந்தார்கள்.

ஐந்து கோட்டில் என்ன எழுத முடியும்? என் தாத்தா குற்றாலத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார், ஓடை மண்ணையும் செக்கு எண்ணெயையும் குழைத்துப் பாறையில் வரைவார், சிறுவயதில் அதைப் பார்த்து வளர்ந்தேன் என்று எழுதினேன். என் தாத்தா தாலுகா ஆபீசில் பியூன். ஆனால் அந்தக் கோடுகளை நிரப்பும்போது செக்கு ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அவர்கள் அதைக் கண்காட்சிப் புத்தகத்தில் அப்படியே அழகாக அச்சடித்துவிட்டார்கள். அதுதான் வினை.

அந்தப் புத்தகத்தில் ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சுடலைமணிக்குச் சரளமாக வாசிக்க வராது, படம் பார்க்கட்டும் என்று கொடுத்தேன். அவன் மனைவி பாலம்மாள் லாட்ஜில் அறை துப்புரவு செய்கிறவள், பத்தாவது படித்தவள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவள் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். வியாழக்கிழமை நான் போனபோது சுடலைமணி சிரித்துக்கொண்டே வந்தான். கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன சார், உங்க தாத்தாவுக்கு நான் செக்கெல்லாம் வாங்கிக் குடுத்திருக்கேன் போலுக்கே" என்றான்.

புத்தகம் போட்டவர்கள் ஏதோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்றேன்.

"இருக்கட்டும் சார். அதுல என்ன. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். மெட்ராசுக்கு நானும் வாரேன். ஒரு ஓரமா, எல்லாரும் பாக்க, என் கையால ஒரு முதுகு போட்டுட்டு வந்துருதேன். அஞ்சே நிமிசம். எங்க வீட்ல அவ ஆசைப்படுதா."

அவ்வளவுதான் கேட்டான். பெயரைப் போடச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டவில்லை. ஐந்து நிமிடம். அம்மா, நீங்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மிரட்டியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் பேசியிருப்பேன். அவன் அந்த ஐந்து நிமிடத்தில் விரலை எண்ணெயில் தொட்டு ஒரு முதுகை இழுத்திருந்தால், அந்த அறையில் இருக்கிற ஒருவரும் அதற்குப்பிறகு என் படத்தின் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. சரி, வா என்றேன். ரயிலுக்கு டிக்கெட் போடுவதாகவும் சொன்னேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஓடைக்கு வரச் சொல்லியிருந்தேன். கண்காட்சிக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் மண் வேண்டும் என்பது உண்மை. மலையில் இருட்டிக்கொண்டு நின்றது என்பதும் உண்மை. மொபெட்டைத் தோப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு நனைந்தபடியே போனேன். சாரல் விழுந்ததால் வழியில் ஆள் இல்லை. அவன் எனக்கு முன்னால் வந்து நின்றான். முதலில் யாரோ என்று நினைத்தேன். மீசை இல்லை.

"மெட்ராசுக்குப் போறோமேன்னு நேத்து டை அடிச்சேன் சார். ராத்திரி முச்சூடும் ஒரே அரிப்பு. இப்பதான் பார்பர் கடையில எடுத்துட்டு நேரா வாரேன். வீட்லகூட இன்னும் பாக்கல. எப்படி சார் இருக்கு?"

நன்றாக இருக்கிறது, பத்து வயது குறைந்துவிட்டது என்றேன். மீசை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஒரு மாதிரி வெட்கப்படுகிற தோலாக இருந்தது. மேலுதட்டின் இடது ஓரத்தில் சின்ன வெட்டுத் தழும்பு. இத்தனை வருடம் மீசைக்குள் இருந்திருக்கிறது. அவன் கையால் அதைத் தடவிக்கொண்டே இறங்கினான். நான் மேல்பாறையில் ஏறி விசிலை வாயில் வைத்துக்கொண்டேன்.

பத்து நிமிடம் இருக்கும். சருகு வந்தது. நுரை வந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

முடிவு செய்துதான் போனேனா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. மழை வராமல்கூட இருந்திருக்கலாம். வந்தபிறகும் ஒவ்வொரு எண்ணிலும் ஊதுவதற்கு இடம் இருந்தது. இருபதில் ஊதலாம் என்று நினைத்தேன், நாற்பதில் ஊதினாலும் போதும் என்று தோன்றியது. அறுபதில் அவன் நிமிர்ந்து பார்த்தான். விசில் என் வாயில் இருப்பதைப் பார்த்தான். நான் கவனமாக இருக்கிறேன் என்று புரிந்துகொண்டான். அந்த வெளுத்த உதட்டால் சிரித்துவிட்டு மறுபடி குனிந்து வழிக்க ஆரம்பித்தான். நான் மூக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். விசில் வாயில் இருக்கும்போது தப்பித்தவறி மூச்சு வாய்வழியாகப் போய்விடக் கூடாது, சத்தம் வந்துவிடும். ஆகவே கவனமாகத்தான் இருந்தேன். நூற்றுப் பதினொன்றில் தண்ணீர் வந்தது.

அவன் கத்தினானா என்று தெரியாது. அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

தண்ணீர் கொஞ்சம் அடங்குகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். கொண்டுபோயிருந்த மூடி போட்ட வாளி சும்மா கிடந்தது. முதல் கலங்கல், அவ்வளவு அடர்த்தியாக நான் அதுவரை பார்த்ததில்லை. வீணாகப் போவானேன் என்று முக்கி எடுத்துக்கொண்டேன். வீட்டில் இரண்டு நாள் தெளியவைத்தபோது அடியில் தங்கியது மிக நல்ல மண்.

மறுநாள் ஆற்றோரம் அவன் கிடைத்தான். பாறையில் அடிபட்ட உடம்பு என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து முகத்தை மூடிக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். நானும் போய் மாலை போட்டேன். பாலம்மாள் என்னைப் பார்த்ததும், "மெட்ராசு மெட்ராசுன்னு ரெண்டு நாளாத் தூங்கலியே சார்" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. எனக்கு அவனைப் பிடிக்கும்.

அந்த வாரமே அவன் முகத்தை வரைந்தேன். அவனுக்கு நான் செய்ய வேண்டியது என்று ஒன்று இருக்கிறதே. கொட்டகையிலிருந்து அவன் மிச்சம் வைத்த எண்ணெய் பாட்டிலை வாங்கிவந்தேன். அந்தச் சனிக்கிழமை மண், அந்த எண்ணெய், கொஞ்சம் கரி. மூன்றே மணி நேரம். என் வாழ்நாளில் கை அப்படி ஓடியதில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிற முகம். எண்ணெய் கசிந்து நெற்றியும் கன்னமும் நனைந்த மாதிரியே வந்தது. சென்னையில் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். ஒரு அம்மாள், 'இந்த மனுசர் யாரையோ அப்படி நம்பிப் பார்க்கிறாரே' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருதும் அதற்குத்தான் கொடுத்தார்கள். மேடையில் அவன் பெயரைச் சொன்னேன். எனக்கு மண் எடுத்துக் கொடுத்து உதவிய தொழிலாளி என்று சொன்னேன்.

பிறகு அந்தப் படத்தைப் பாலம்மாளிடமே கொடுப்பது என்று தீர்மானித்தேன். பலர் கேட்டார்கள், நான் தரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்வதானால் அவள் அழுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து அழ எல்லாரையும்விட உரிமை உள்ளவள் அவள்தானே.

அவள் அழவில்லை. படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தாள், மேலுதட்டின் இடத்தில். பிறகு எழுந்து எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது கேட்டாள்.

"சார், அவியள நீங்க கடைசியா எப்பப் பாத்தீக?"

"வியாழக்கிழமை. உனக்குத்தான் தெரியுமே."

"இந்த மூஞ்சிய உசுரோட நான் பாத்ததே இல்ல சார்" என்றாள். "ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிக் காட்டுனாவ. மீசையில்லாம, உதட்டுல தழும்போட. அவியளே இல்லைன்னு சண்ட போட்டேன். பெறகு கால் விரலப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டேன். வெளியில ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல. மெட்ராசுக்குப் போக ஆசப்பட்டு மீசைய எடுத்தாவன்னு சொன்னா ஊர் சிரிக்கும்லா. நீங்க எங்கன பாத்தீக சார்?"

நான் காபியைக் குடித்து முடித்தேன். நல்ல காபி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.  மறுநாள் படத்தைத் துணியில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். நீங்களும் பார்பரை விசாரித்துவிட்டீர்கள். பத்து மணிக்கு மீசை எடுத்தவன் பதினொன்றரைக்கு உயிரோடு இல்லை. நடுவில் பார்த்தவன்தான் இந்த உதட்டை வரைந்திருக்க முடியும்.

நேற்று என் வக்கீல் ஒரு யோசனை சொன்னார். 'ஓவியர்கள் கற்பனையாக எதையும் வரைவார்கள், மீசை இல்லாமல் கற்பனை செய்து வரைந்தேன் என்று சொல்லிவிடுங்கள், தழும்பு தற்செயல்' என்றார். நல்ல மனிதர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த முகத்தில் கற்பனை என்று ஒரு கோடு கிடையாது. அந்த உதட்டைப் பாருங்கள், அந்த வெளுப்பைப் பாருங்கள். கற்பனை என்று சொன்னால் நான் ஒரு சாதாரண பேனர்க்காரன் ஆகிவிடுவேன். மீசையைச் சேர்த்துப் போட்டிருந்தால் இப்போது வீட்டில் இருந்திருப்பேன், அதுவும் தெரியும். கை வரவில்லை. பார்த்ததை வரை என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

ஆகவே ஏட்டு ஐயா எழுதிக்கொள்ளட்டும். சுடலைமணி குழிக்குள் இருந்தபோது வெள்ளம் வருவதை நான் பார்த்தேன். விசில் என் வாயில் இருந்தது. ஊத நேரம் இருந்தது. ஊதவில்லை. வேண்டுமென்றேதான்.

இதென்ன அட்டை? பாலம்மாள் இதையும் கொடுத்தாளா? சோப்புப் பெட்டியைப் பிரித்த அட்டை. அவன் போட்டதா? கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன், இருங்கள்.

இது நான்தான். மேல்பாறையில் நிற்கிறேன். கீழே குழிக்குள் இருந்து பார்க்கிற கோணம். வேட்டி காற்றில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கிறது. இது முதுகு இல்லை, முகம். முகம் வராது என்று நினைத்திருந்தேன். நாலே நாலு விரல் இழுப்பு. மூக்கு, கண்ணாடி, வாயில் விசில். கண் அவனையே பார்க்கிறது. கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. முழு மூச்சையும் பிடித்து ஊதுகிறேன். போன வருடம் ஊதினேனே, அன்றைக்குப் பார்த்ததை வைத்துப் போட்டிருக்கிறான் போல. அட்டையின் ஓரத்தில் பாலம்மாள் கையெழுத்தில் 'எங்கள் சார்' என்று எழுதியிருக்கிறது.

படம் சுமார்தான். பாறையின் விளிம்பு சரியில்லை. ஆனால் பெரிய தவறு இந்தக் கன்னம். கடைசியாக அவன் நிமிர்ந்து பார்த்தபோது என் கன்னம் இப்படி இல்லை, ஒட்டித்தான் இருந்தது. ஒரு கரித்துண்டு இருந்தால் கொடுங்கள் அம்மா, இரண்டு கோட்டில் திருத்திவிடுகிறேன். கையெழுத்தைப் பிறகு போடலாம். தப்பாக ஒரு படம் கண் முன்னால் இருந்தால், என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.